கடையில் ஜாதி நாய்க்குட்டி வாங்குவதற்கு முன்

செட்டிநாட்டில் நாய்க்குட்டி வாங்கும் முடிவைப் பல வீடுகளில் அந்த வீட்டில் வசிக்காதவர்களே எடுக்கிறார்கள். காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இரண்டு கட்டு, மூன்று கட்டு வீட்டில் அப்பச்சியும் ஆத்தாளும் மட்டும் இருக்க, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள், காவலுக்கும் ஆயிற்று, பேச்சுத் துணைக்கும் ஆயிற்று என்று ஒரு லேப்ரடாரையோ ஜெர்மன் ஷெப்பர்டையோ வாங்கித் தரத் தீர்மானிக்கிறார்கள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்த இடத்தில், செல்லப்பிராணிக் கடைக்குப் போய்க் கூண்டில் துள்ளும் குட்டிகளில் ஒன்றைக் காட்டிப் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அந்தக் குட்டி சோறு தின்னாமல் சுருண்டு படுக்கும்போது, அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அலைபவர்கள் அந்த முதியவர்கள்தாம்.

கடையில் வாங்குவதில் உள்ள அபாயங்களைப் பலரும் தனித்தனியாகப் பட்டியலிடுவார்கள்: நோய், கலப்பினம், பொய்ச் சான்றிதழ், முரட்டுக் குணம். என் பார்வையில் இவை அனைத்துக்கும் வேர் ஒன்றுதான். கடையில் குட்டி இருக்கிறது, தாய் இல்லை. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று பெண் பார்க்கும் விஷயத்தில் நம் பெரியவர்கள் சொல்வது, நாய்க்குட்டி விஷயத்தில் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். தாயைப் பார்க்க முடிந்தால் குட்டியின் இனம், குணம், வளர்ந்தபின் இருக்கப்போகும் உருவம், அது பிறந்த இடத்தின் சுத்தம், ஏன், பிறந்த தேதிகூட ஓரளவு தெரிந்துவிடும். தாய் கண்ணில் படாத இடத்தில் இவை எல்லாவற்றுக்கும் கடைக்காரரின் வாய்ச்சொல்லே சாட்சி. கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும், இடைத்தரகரிடமிருந்து குட்டியை எடுத்தவர் என்றால் அவருக்கும் அந்தத் தாயைத் தெரியாது.

வயதும் ஊசியும்

முதலில் வயதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கடைகளில் அதிகம் மறைக்கப்படுவது அதுதான். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் நான்கு, ஐந்து வாரக் குட்டிதான் பொம்மைபோல இருக்கும், அதைத்தான் வாடிக்கையாளர் கையில் எடுப்பார் என்பது வியாபாரிக்குத் தெரியும். ஆகவே முப்பது நாள் குட்டி, "ரெண்டு மாசம் ஆச்சு அண்ணே, ரெண்டு ஊசியும் போட்டாச்சு" என்று விற்கப்படுகிறது.

குட்டியின் வாயை மெதுவாகத் திறந்து பார்த்தால் இந்தப் பொய் பெரும்பாலும் வெளிப்படும். பால் பற்கள் மூன்றாவது வாரத்தை ஒட்டி முளைக்கத் தொடங்கி, எட்டு வார அளவில் இருபத்தெட்டும் நிறைந்துவிடும். முன்பற்கள் மட்டும் அரிசி முனைபோலத் தெரிந்து, பின்தாடையில் ஈறு வெறுமையாக இருந்தால் அந்தக் குட்டிக்கு இரண்டு மாதம் ஆகவில்லை. நடக்கும்போது பின்பக்கம் தள்ளாடுவதும் அதே செய்தியைச் சொல்வதுதான்.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு காரணம் குணம். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில்தான் குட்டி உலகத்தோடு பழகக் கற்றுக்கொள்கிறது. கடித்து விளையாடும்போது எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம் என்பதைத் தாயும் உடன்பிறந்த குட்டிகளுமே அதற்குக் கற்பிக்கின்றன. அந்த வாரங்களைக் கம்பிக் கூண்டில், விளக்கு வெளிச்சத்தில், தான் படுக்கும் இடத்திலேயே மலம் கழித்துக்கொண்டு கடத்திய குட்டி, பின்னாளில் பயத்தால் கடிப்பதும், வீட்டுக்குள் அசுத்தம் செய்வதைக் கடைசிவரை விடாமல் இருப்பதும் வியப்பில்லை. செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய நாய்களையும் வளர்ப்பவரிடம் நேரடியாக வாங்கிய நாய்களையும் ஒப்பிட்டு 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கடை நாய்களிடம் முரட்டுத்தனமும் பயமும் பிரிவைத் தாங்க முடியாத தவிப்பும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. எழுபது வயதுக்காரர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் நோய் எதிர்ப்பு. பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பாற்றல் குட்டிக்கு வருகிறது. அது ஆறாம் வாரத்திலிருந்து பதினாறாம் வாரத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் தேய்ந்து மறைகிறது. எப்போது என்பது குட்டிக்குக் குட்டி மாறும். இடையில் சில நாட்கள், தாய் தந்த எதிர்ப்பாற்றல் நோயைத் தடுக்கப் போதாததாகவும், ஆனால் போடுகிற தடுப்பூசி வேலை செய்ய விடாத அளவுக்கு மிச்சம் உள்ளதாகவும் இருக்கும். இதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் முடியும்வரை ஊசி திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். சரியாக இந்த இடைவெளி நாட்களில்தான் பல ஊர்களிலிருந்து, பல தாய்களின் குட்டிகள் கடையில் ஒரே கூண்டுக்கும் பக்கத்துக் கூண்டுக்குமாக வந்து சேர்கின்றன. பார்வோ என்ற குடல் நோய்க் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அந்தக் கிருமி மலத்தின் வழியே பரவி, தரையிலும் தட்டிலும் மனிதரின் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உடலில் புகுந்து மூன்று முதல் ஏழு நாளில், சில சமயம் பதினான்கு நாளில், வாந்தியாகவும் துர்நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலாகவும் வெளிப்படும். கடையில் துள்ளிக் குதித்த குட்டி வீட்டுக்கு வந்த நான்காம் நாள் விழுவதன் கணக்கு இதுதான். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு தொற்றுநோய் இன்னும் மெதுவாக வேலை செய்வது. கண்ணிலும் மூக்கிலும் சளியாகத் தொடங்கி, வாரங்கள் கழித்து வலிப்பில் முடியலாம்.

கடையில் என்ன கேட்பது, எதைப் பார்ப்பது

இவ்வளவுக்குப் பிறகும் கடையில்தான் வாங்குவது என்று முடிவாகிவிட்டால், குட்டியைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள்படி ஒவ்வொரு கடையும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்தக் குட்டி எங்கிருந்து வந்தது, யாருக்கு விற்கப்பட்டது என்ற பதிவேடும் வைத்திருக்க வேண்டும். காரைக்குடி மாநகராட்சியோ வேறு உள்ளாட்சியோ தரும் வணிக உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்து அதையே பதிவுச் சான்று என்று காட்டுவது உண்டு. அது வேறு, இது வேறு. வாரியப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதும் முகம் மாறுகிற கடையில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடுத்தது ஊசி அட்டை. மருந்துப் புட்டியிலிருந்து உரித்த, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட சின்ன ஒட்டுச்சீட்டு, ஊசி போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, அவருடைய பதிவு எண், முத்திரை ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒட்டுச்சீட்டு மட்டும் இருந்து கையெழுத்து இல்லை என்றால் ஊசியைக் கடையிலேயே யாரோ போட்டிருக்கலாம். தடுப்பூசி மருந்தை இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அந்தப் புட்டி எந்தப் பெட்டியில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பது போட்டவருக்கே வெளிச்சம். எல்லாத் தேதிகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அட்டையில் உள்ள மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை கேட்பது குற்றமல்ல.

பிறகு குட்டி. தூரத்திலிருந்து அழகு பார்ப்பதைவிட, கையில் எடுத்து உதட்டை விலக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப்போய் இருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இரத்தத்தைத் தின்றுகொண்டிருக்கலாம். வாலைத் தூக்கிப் பாருங்கள்: அந்த இடத்து மயிர் ஒட்டிக் காய்ந்திருந்தாலும், அங்கு மட்டும் புதிதாகக் கழுவி ஈரமாக இருந்தாலும் வயிறு சரியில்லை. உடம்பெல்லாம் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் பானையாக இருப்பதைக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் புழு. விரலிடுக்கிலும் காதுமடலின் உட்புறத்திலும் உண்ணி இருக்கிறதா, மயிர் உதிர்ந்த வட்டத் திட்டுகள் உண்டா, தொப்புளில் குடல் புடைப்பு உண்டா என்று தடவிப் பாருங்கள். வட்டத் திட்டு படை என்ற தோல் நோயாக இருந்தால் அது வீட்டு மனிதருக்கும் தொற்றும். ஆண்குட்டி என்றால் இரு விதைகளும் இறங்கியுள்ளனவா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அந்தக் குட்டி நன்றாக இருந்து, பக்கத்துக் கூண்டுக் குட்டி இருமினாலோ கழிந்துகொண்டிருந்தாலோ இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி வெளியே வந்துவிடுங்கள்.

இரக்கப்பட்டு வாங்குவதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சோர்ந்து கிடக்கும் குட்டியைக் காப்பாற்றுகிறோம் என்று பணம் கொடுத்தால், காலியான அந்தக் கூண்டுக்கு மறுநாளே இன்னொரு குட்டி வரும். எங்கோ ஒரு கொட்டிலில் அதன் தாய்க்கு மறுபடியும் இணை சேர்ப்பார்கள். கடினமாகத் தோன்றினாலும், வாங்காமல் வருவதும், நிலைமை மோசமாக இருந்தால் விலங்குகள் நல வாரியத்துக்கு எழுதுவதும்தான் சரி.

பேப்பர் உண்டா?

"கேசிஐ பேப்பரோட வேணுமா, பேப்பர் இல்லாமலா?" என்று கேட்டு இரண்டு விலை சொல்வது இந்த வியாபாரத்தின் வழக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் (கேசிஐ) தரும் பதிவுச் சான்றில் குட்டியின் பெயர், பிறந்த தேதி, நிறம், தாய் தந்தையின் பதிவு விவரம், வளர்த்தவர் பெயர், மைக்ரோசிப் எண் ஆகியவை இருக்கும். அந்த எண் பதினைந்து இலக்கம் கொண்டது. கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் சிப்பைக் கருவியால் வருடி, வருகிற எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. கடையில் கருவி இல்லை என்றால் கருவி உள்ள மருத்துவரிடம் குட்டியைக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். "பேப்பர் பின்னால வரும்" என்பதற்கு, வராது என்று பொருள் கொள்வதே பாதுகாப்பு. உரிமையாளர் பெயர் உங்கள் பெயருக்கு மாற வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தத் தாள் அசலாகவே இருந்தாலும் அது பரம்பரையைச் சொல்லுமே தவிர ஆரோக்கியத்தைச் சொல்லாது. லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக வருவது. தாய் தந்தையின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இணை சேர்த்தார்களா என்று கேட்டால் கடையில் பதில் இருக்காது. நம் வீடுகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. பட்டாலையிலும் முகப்பிலும் கண்ணாடிபோல மின்னும் ஆத்தங்குடிக் கல்லில் கனத்த உடம்புக் குட்டி ஓடும்போது, பின்னங்கால் இரண்டும் தவளைக்கால்போல அகன்று வழுக்கிப் போவதைப் பார்க்கலாம். வளரும் மூட்டுக்கு அது நல்லதல்ல. குட்டி புழங்கும் பகுதியில் கோரைப்பாயோ ரப்பர் விரிப்போ போட்டுவிட வேண்டும்.

"டபுள் கோட்" (அடர்ந்த இரட்டை மயிர்), "ஹெவி போன்" (கனத்த எலும்பு), "பஞ்ச் ஃபேஸ்" (சப்பை முகம்) என்ற சொற்களுக்கெல்லாம் கூடுதல் விலை கேட்பார்கள். அவை வியாபாரச் சொற்கள். எந்தச் சான்றிதழிலும் அவற்றுக்கு இடமில்லை. முகம் எவ்வளவு சப்பையோ அவ்வளவு மூச்சுத் திணறல் என்பதுதான் பக் நாயின் நிலை. நம் பக்கம் பொமரேனியன் என்ற பெயரில் தலைமுறைகளாக வளர்ந்துவருபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்; நல்ல நாய், வெயிலையும் தாங்கும், ஆனால் பொமரேனியன் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஹஸ்கி வேண்டும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கத்திரி வெயிலில் நண்பகல் நேரம் வளவு வாசலில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்வேன். 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இத்தகைய குளிர்நாட்டு இனங்களை இங்கே பெருக்குவதற்கு எதிராகவே பேசியது.

கடைக்கு மாற்று, குட்டி பிறந்த வீட்டுக்கே போவது. மதுரையிலோ திருச்சியிலோ வளர்ப்பவர் இருந்தால் ஒரு நாள் பயணம். குட்டி பத்துப் பன்னிரண்டு வருடம் நம்மோடு இருக்கப்போவது. தாய் நாய் குட்டிகளோடு இருக்கும் நிலையில், அதன் மடி தளர்ந்திருப்பதையும் அந்நியரைக் கண்டால் அது நடந்துகொள்ளும் விதத்தையும் பாருங்கள். ஒரே இடத்தில் ஏழெட்டு இனங்களின் குட்டிகள் எந்நேரமும் கிடைக்கும் என்றால் அது வளர்ப்பவர் வீடல்ல, கடையின் கிட்டங்கி. நல்ல வளர்ப்பவர் உங்களைக் கேள்வி கேட்பார்: வீட்டில் யார் இருக்கிறார்கள், பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள், கட்டிப்போடுவீர்களா என்று. அதற்குக் கோபப்பட வேண்டாம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் இனங்கள் இந்த மண்ணுக்கு ஏற்றவைதாம். ஆனால் அவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. இராஜபாளையத்தின் முழு வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் வருவது உண்டு என்பதால், குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். வேட்டைக்கு வளர்த்த இனங்கள் ஓட இடம் கேட்கும். காவல் மட்டுமே நோக்கம் என்றால், தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து ஊசி போட்டு வளர்ப்பதில் குறைச்சல் எதுவும் இல்லை.

வாட்ஸாப்பில் படம் காட்டி முன்பணம் கேட்பவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. முதலில் முன்பணம், பிறகு வண்டிக் கூலி, பிறகு காப்பீடு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும், குட்டி வராது.

ரசீதும் முதல் இரண்டு வாரமும்

ரசீதில் "நாய்க்குட்டி 1" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். இனம், ஆணா பெண்ணா என்பது, நிறம், பிறந்த தேதி, சிப் எண், போட்ட ஊசிகளின் தேதி ஆகியவற்றோடு, மூன்று நாளுக்குள் வாங்கியவரின் மருத்துவர் பார்த்து நோய் என்று சொன்னால் திருப்பி எடுத்துக்கொள்வோம், பதினான்கு நாளுக்குள் பார்வோவோ டிஸ்டெம்பரோ உறுதியானால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற இரண்டு வரிகளையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். குறையுள்ளதை விற்றவரின் பொறுப்பு அந்த ஒரு வரியால் நீங்கிவிடாது.

கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மலத்தை எடுத்துப்போனால் புழுவையும், சந்தேகம் இருந்தால் பார்வோவையும் உடனே சோதிக்கலாம். முதல் இரண்டு வாரம் குட்டியை வீட்டிலுள்ள மற்ற நாய்களிடமிருந்து விலக்கி, கழுவிவிடக்கூடிய ஒரு அறையில் வையுங்கள். சிமெண்டுத் தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, அதன்பின் ஒரு பங்கு சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் பார்வோ சாகும். பினாயில் அதற்குப் போதாது. ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றுபவர்கள் கிருமியை விட்டுவிட்டுக் கல்லைத்தான் கெடுக்கிறார்கள். கடையில் கொடுத்த தீவனத்தையே ஒரு வாரம் கொடுத்து, அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வந்த அன்றே பசும்பாலும் குழம்புச் சோறும் கொடுத்தால் வருகிற கழிச்சல் உணவாலா நோயாலா என்று மருத்துவருக்கே குழப்பம் வரும். குழம்பில் கிடக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பது வேறு. ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கி நடத்த வேண்டாம். ஒரு வேளை தின்னாமல் இருந்து இரண்டு முறை வாந்தி எடுத்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். குட்டியின் உடம்பில் நீர் வற்றுவதற்கு ஒரு இரவு போதும். உள்ளூரில் அந்நேரம் மருத்துவர் கிடைப்பாரா, இல்லாவிட்டால் புதுக்கோட்டைக்கா மதுரைக்கா, வண்டி ஓட்ட யார் வருவார்கள் என்பதை வாங்கும் அன்றே தீர்மானித்து, அந்த எண்களை அப்பச்சியின் கைபேசியில் பதிந்து கொடுத்துவிட்டுப் போங்கள்.

குட்டி இறந்துபோனால், தோட்டத்தில் புதைப்பதற்கு முன் மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிணப் பரிசோதனை செய்து எழுத்தில் வாங்குங்கள். காரணம் என்ன என்ற தாள் இல்லாமல் கடைக்காரரிடமும் பேச முடியாது, நுகர்வோர் ஆணையத்திலும் பேச முடியாது. கடை மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். வாங்கிய விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் பார்வோ வந்து போயிருந்தால், அடுத்த ஓராண்டுக்கு ஊசிகள் முழுவதும் முடியாத குட்டி எதையும் அங்கே கொண்டுவர வேண்டாம். பழைய பாய், சங்கிலி, தட்டு ஆகியவற்றையும் அடுத்த குட்டிக்குக் கொடுக்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள்.